இரண்டாம் வகுப்பு வாசிப்பு: ஊர்ப்பெயர்ப் பலகை வழியே ஒரு குறிப்பு

"ரெண்டாங்கிளாஸ்தானே, போகப் போக வந்துடும்." பிள்ளை எழுத்துக் கூட்டித் திணறும்போது வீட்டில் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. பல பேருக்குத் தானாக வந்தும்விடுகிறது. வராதவர்கள் பாடுதான் சிக்கல். மூன்றாம் வகுப்பிலிருந்து கணக்குக் கேள்வியைக்கூட வாசித்துப் புரிந்துகொண்டால்தான் போட முடியும். வாசிப்பு கைவராத பிள்ளை ஒரு பாடத்தில் மட்டும் பின்தங்குவதில்லை, எல்லாப் பாடத்திலும் சேர்ந்தே பின்தங்குகிறது.

அப்படி என்ன கஷ்டம் அதில்? செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வைத்தே பார்ப்போம்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை 'செங்கல்பட்டு' என்ற போர்டை வாசிக்கிறது. முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ 'ச்'. எழுதும் வரிசை ஒன்று, ஒலிக்கும் வரிசை வேறு. 'கொக்கிலமேடு' இன்னும் ஒரு படி மேலே: ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஓசை. 'கல்பாக்கம்' என்பதில் வல்லோசையோடு தொடங்கும் அதே க, 'செங்கல்பட்டு' நடுவில் மெலிந்து ஒலிக்கிறது. 247 எழுத்தையும் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை போர்டு முன்னால் தடுமாறுவது இதனால்தான். அட்டவணை தெரிவது வேறு, சொல்லாகக் கூட்டத் தெரிவது வேறு.

அடுத்தது பேச்சு. வீட்டில் 'மீன் வந்துச்சு', 'அண்ணன் வந்துக்கினு இருக்கான்'. புத்தகத்தில் 'வந்தது', 'வந்துகொண்டிருக்கிறான்'. எழுத்துக் கூட்டி முடித்த பிறகும், அது தான் தினம் பேசும் சொல்தான் என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று அடக்கினால் வாயே திறக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் தானே பிடித்துக்கொள்ளும்.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். 2021ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வரை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. எண்களில் 999 வரை. இந்தச் சொல் கணக்கை அப்படியே தமிழுக்குப் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இந்தியில் 'ஜா ரஹா தா' மூன்று சொல். தமிழில் 'போய்க்கொண்டிருந்தான்' ஒரே சொல். 'திருக்கழுக்குன்றம்' என்ற ஒரு பெயரிலேயே 10 எழுத்து. அதனால் கடிகாரம் வைத்து விரட்டாமல், வாசித்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. சொன்னால் புரிந்திருக்கிறது.

ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்து, அந்தந்த நிலைக்கான பயிற்சி தருகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அவமானம் ஒன்றுமில்லை. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தானே கைபிடித்துக் கூட்டிவர முடியும்? அரும்பிலேயே வருஷம் முழுக்க நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவதும் நம் ஊருக்குப் புதுசில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதான். 1790 வாக்கில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. கடற்கரை ஊர்களில் மணலுக்குப் பஞ்சமா என்ன!

கடைசியாக, பள்ளியில் வரப்போகும் விழாக்கள். நவம்பர் 14 குழந்தைகள் தினம், பொங்கல் விழா, ஆண்டு விழா என்று வரிசையாக வரும். ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்களுக்கென்று ஆரம்பித்த கலைத் திருவிழாவில் 2024-25ல் 1, 2ஆம் வகுப்புகளுக்கும் தனிப் பிரிவு வந்தது. கதை சொல்லுதல், மாறுவேடம் எல்லாம் உண்டு. இதைப் 'படிப்பு கெடுது' என்று பார்க்க வேண்டாம். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை உருப்போட்டு ஒப்பித்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது கைதட்டல் மட்டும். தானே ஒரு சின்னக் கதையை வாசித்து, வீட்டுப் பேச்சில் ஒருமுறை, மேடைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பழகினால், வகுப்பில் கஷ்டப்பட்ட அத்தனையும் அதில் அடங்கிவிடும்.

அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "எம் பிள்ளை இப்போ எந்த நிலையில இருக்கான், வீட்ல நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்க. திரும்பி வரும் வழியில் பஸ் போர்டைப் பிள்ளையே வாசிக்கட்டும்.