ஏலத்துக்கு வந்த வீடு – 9: புரோக்கருக்கு எதற்குக் காசு?

60 நாள் நோட்டீஸ், பேப்பரில் வரும் உடைமை அறிவிப்பு எல்லாம் முன்பே எழுதியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் புரோக்கர்.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக அடுக்குமாடிகள். எஸ்.ஆர்.எம். மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம், அந்த வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற கணக்கில் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. கணக்கு தப்பித் தவணை நின்றால், அடமான வீட்டைக் கைப்பற்றி விற்க வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தை எடுக்கிறது. ஏல அறிவிப்பு வந்ததுமே அது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும். கூடவே ஒரு குரல்: “பாதி விலை சார். பேங்க்ல நம்ம ஆள் இருக்கார், பேசி முடிச்சுடலாம்.”

பேசி முடிக்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி ரிசர்வ் விலையை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலையை, வைப்பவர் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி. ஏலம் ஆன்லைனில். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ‘பாங்க்நெட்’ தளத்தில் நீங்களே பார்க்கலாம். ரிசர்வ் விலை கிடைக்காமல் அதற்குக் கீழே விற்க வேண்டுமானால், கடன் வாங்கியவரும் கடன் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது விதி. புரோக்கரின் ‘நம்ம ஆள்’ இதில் எங்கே வருகிறார்?

ஏலம் எடுத்துவிட்டால் அன்றைக்கே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள், முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் கட்டியாக வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி 75 சதவீதம். எழுத்துப்பூர்வமாக அவகாசம் வாங்கினாலும் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. கட்டாவிட்டால்?

இங்கேதான் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட வழக்கு வருகிறது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 2016 டிசம்பரில் நடத்திய ஏலம் அது. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவர் 12.27 கோடிக்கு எடுத்தார். 25 சதவீதமாக 3 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் கட்டினார். அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். மீதிப் பணம் வரவில்லை. கட்டியதை வங்கி பறிமுதல் செய்தது. அதே சொத்தை மறுபடி ஏலம் விட்டபோது போனது 14.76 கோடிக்கு! வங்கிக்கு நஷ்டமே இல்லை, உபரியாக இரண்டரைக் கோடி. நஷ்டத்துக்கு மேல் பறிமுதல் செய்யக் கூடாது, திருப்பிக் கொடு என்றது சென்னை உயர் நீதிமன்றம். உங்களுக்கும் எனக்கும் அது நியாயமாகத்தான் படும். உச்ச நீதிமன்றத்துக்குப் படவில்லை. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும் அமர்ந்த அமர்வு 2024 பிப்ரவரி 2 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விதியில் பறிமுதல் என்று இருக்கிறது, ஒப்பந்தச் சட்டத்தின் நஷ்டக் கணக்கு அதற்குப் பொருந்தாது. இல்லாவிட்டால் கட்ட உத்தேசமே இல்லாதவர்கள் ஏலத்தில் புகுந்து விளையாடுவார்கள் என்பது தீர்ப்பின் சாரம். மூன்று கோடி போனது போனதுதான்.

இதை வைத்துப் புரோக்கரை யோசியுங்கள். ஏலத் தொகையில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் கமிஷன் என்று பேசினால், நீங்கள் எடுத்தால்தான் அவருக்குக் காசு. அதிக விலைக்கு எடுத்தால் அதிகக் காசு. பறிமுதல் ஆவது உங்கள் பணம். ஆகவே என் கட்சி இதுதான்: சதவீதம் பேசாதீர்கள். ஏலத்துக்கு முந்தைய அலைச்சலுக்கு ஒரு தொகை பேசி, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

அலைச்சல் என்றால் சும்மா இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், வங்கியிடம் சாவி இருக்கிறதா அல்லது கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரியா, அசோசியேஷனுக்கு எத்தனை மாதப் பராமரிப்புப் பாக்கி என்பதை எல்லாம் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்து அறிகிறவர் உள்ளூர்ப் புரோக்கர்தான். அதில் அவரை மிஞ்ச வக்கீலால் முடியாது. கரண்ட் பில்லையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் மின்கட்டணப் பாக்கியை, விதிமுறை இடம் கொடுத்தால், ஏலத்தில் எடுத்தவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் கே.சி.நைனான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஏல அறிவிப்பில் போடுவது அலங்காரத்துக்கு அல்ல.

‘ரெரா’ என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு எண் வைத்திருக்கிறேன் என்பாரானால் நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் ஏஜென்ட்டைப் பதிவு செய்யச் சொல்வது, பதிவான திட்டங்களில் புரமோட்டர் விற்கும் வீடுகளுக்கு. வங்கி ஏலத்தில் விற்கும் பழைய ஃப்ளாட்டுக்கு அந்தக் குடை நீளாது.

உள்ளே மாணவர்கள் குடியிருந்தால் என்ன செய்வது என்று இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மூன்று கோடி இடத்தை விழுங்கிவிட்டது. வாடகைதாரர், பதிவு செய்யாத ஒப்பந்தம், மாவட்ட ஆட்சியரிடம் போகும் சர்ஃபாசி 14-ஆம் பிரிவு மனு எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் யாராவது பொத்தேரி ஃப்ளாட்டைக் காட்டி அவசரப்படுத்தினால், மீதி 75 சதவீதம் எங்கிருந்து, எந்தத் தேதிக்கு வரும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.