காவிரிப் படுகையின் வேளாண் சொற்கள்

காவிரிப் படுகையின் வேளாண் சொற்கள் என்பவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல், நீர், நிலம், கூலி பற்றி உழவரும் வேளாண் தொழிலாளரும் அன்றாடம் வழங்கும் சொற்களாகும். இவற்றில் பெரும்பாலானவை பொதுத் தமிழிலும் உள்ளவையே. ஆனால் ஒரே பொருள் போலத் தோன்றும் இரண்டு சொற்களுக்கு இடையே இப்பகுதி மக்கள் காணும் வேறுபாடு, வேலையிலிருந்து பிறந்தது. எப்போது நீர் வைப்பது, எவர் வயலுக்கு முதலில் நீர் பாய்வது, களத்தில் எவருக்கு எத்தனை மரக்கால் என்ற முடிவுகள் இச்சொற்களைக் கொண்டே எடுக்கப்பட்டன. அம்முடிவுகளை எந்திரமோ அலுவலகமோ எடுக்கத் தொடங்கிய இடங்களில் சொற்களும் மறைந்து வருகின்றன.

நெல்லின் பெயர்கள்

வயலில் நிற்பது பயிர், அறுத்துக் களத்துக்கு வருவது நெல், உமி நீக்கினால் அரிசி, வெந்தால் சோறு. அரிசியிலும் பச்சை, புழுங்கல் எனப் பிரிவு உண்டு, உடைந்தது நொய். தமிழ் பேசுவோருக்கு இது இயல்பாகத் தோன்றினாலும், நெல் விளையாத நாட்டு மொழிகளில் இந்தப் பிரிவுகள் இருப்பதில்லை. பசிபிக் கடலின் பொலினேசிய மொழிகள் நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலச் சொல்லைத் தழுவி ஹவாய் மொழி அரிசியை 'லைக்கி' என்கிறது. மாவோரி மொழி 'ரைஹி' என்கிறது. ஆனால் சேம்பு என்று வந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஹவாய் மொழியில் நீர் தேங்கும் சேம்பு வயலுக்கு 'லோயி', அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு 'ஔவாய்', தாய்க் கிழங்கின் பக்கக் கன்றுக்கு 'ஓஹா', இடித்துப் பிசைந்த உணவுக்கு 'போய்' எனத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. தமிழருக்கோ அது சேப்பங்கிழங்கு, அவ்வளவுதான்.

பயிரின் வளர்ச்சிக்கும் படிப்படியான பெயர்கள் உள்ளன. விதையை ஊறவைத்து முளை கட்டி நாற்றங்காலில் விடுவர். நாற்றைப் பறித்துக் கட்டிய சிறு கற்றை 'முடி'. நட்ட நாற்று சில நாள் வெளிறி நின்று பின் வேரூன்றுவது 'பச்சை பிடித்தல்'. அடுத்து ஒரு நாற்று பலவாகக் கிளைப்பது 'தூர் கட்டுதல்'. கதிர் வெளியே தெரியாமல் தண்டுக்குள் பருத்து நிற்பது 'தொண்டைக்கதிர்'. பிறகு கதிர் வெளிவந்து, பூத்து, பால் பிடித்து, முற்றித் தலை சாயும். இவற்றில் தொண்டைக்கதிர் என்ற சொல்லே உழவரை அதிகம் கலங்க வைப்பது. அந்தப் பருவத்தில் நீர் தட்டினால் பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் இழப்பை ஈடுகட்ட முடியாது.

விளையாமற்போன மணிக்கும் பெயர்கள் வேறுபடுகின்றன. உள்ளே ஒன்றுமில்லாதது பதர். அரைகுறையாகப் பால் பிடித்து நின்றது கருக்காய். பயிரே மணி பிடிக்காமல் வீணானால் அது சாவி. பதரைக் காற்றில் தூற்றிப் பிரித்துவிடலாம். கருக்காய் ஓரளவு கனமுள்ளதால் நெல்லோடு கலந்தே நிற்கும். எனவே விலை பேசும்போது சச்சரவுக்கு உள்ளாவது பெரும்பாலும் கருக்காய்தான்.

போகமும் நீரும்

குறுவை, சம்பா, தாளடி ஆகியன இப்பகுதியின் மூன்று நெற்பருவங்கள். குறுவை ஏறத்தாழ நான்கு மாதத்துக்குள் முடியும் குறுகிய காலப் பயிர். சம்பா நீண்ட காலப் பயிர். குறுவை அறுத்த வயலில் நிற்கும் அடிக்கட்டைக்குத் தாள் என்று பெயர். அந்தத் தாளை மடக்கி உழுது இரண்டாவதாக நடும் பயிர் தாளடி. எனவே தாளடி என்று ஒருவர் சொன்னாலே அவ்வயலில் குறுவை விளைந்திருக்கிறது என்று பொருள். பேச்சில் இது பெரும்பாலும் 'தாலடி' என ஒலிப்பதால் தாள் என்ற வேர் மறைந்துவிடுகிறது.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. திறப்பு தள்ளிப்போனால், நிலத்தடி நீர் இல்லாத ஊர்களில் குறுவை இல்லாமற்போகும். குறுவை இல்லையென்றால் தாளடியும் இல்லை. இருபோக நிலம் அவ்வாண்டு ஒருபோக நிலமாகிச் சம்பாவோடு நின்றுவிடும்.

ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என நீர் இறங்குகிறது. மிகுந்தது வடிகாலில் சேர்கிறது. பாசனத்தின் தொடக்கத்தில் உள்ள நிலம் தலைமடை, இறுதியில் கடலை ஒட்டியது கடைமடை. வரைபடத்தில் இவை வெறும் இடப்பெயர்கள். வழக்கிலோ கடைமடை என்பது ஒரு முறையீடு. அணை திறந்து பல நாள் கழித்தும் நீர் வந்து சேராத ஊர் அது. மழை கொட்டினால் மேலிருந்து வடியும் வெள்ளமெல்லாம் தேங்குவதும் அங்கேயே. ஆறுகளின் பெயர்களிலும் நீர் மேலாண்மை தெரிகிறது. வெட்டாறு, வெட்டி உண்டாக்கியது என்பதைப் பெயரிலேயே சொல்கிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று கொள்ளிடத்துக்குப் பொருள் கூறுவர்.

அளவும் கூலியும்

நில அளவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். மா என்பது தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் இருபதில் ஒன்றைக் குறிக்கும் சொல். வேலியில் இருபதில் ஒரு பங்கு ஆதலால் நிலத்துக்கும் அதே பெயர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலம் வேலியிலும், மா, முந்திரி போன்ற பின்னங்களிலும் குறிக்கப்பட்டுள்ளது. ஆவணங்களில் ஏக்கரும் ஹெக்டேரும் வந்த பிறகும், ஊர்ப் பேச்சில் மூன்று மா ஓர் ஏக்கர் என்ற கணக்கு மறையவில்லை.

நெல்லை உழக்கு, படி, மரக்கால், கலம் என அளந்தனர். 12 மரக்கால் ஒரு கலம். மரக்காலின் கொள்ளளவு எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. கூலி நெல்லாகவே அளக்கப்பட்ட காலத்தில் எத்தனை மரக்கால் என்பதோடு எந்த மரக்கால் என்பதும் கேள்வியாக இருந்தது. பண்ணையாள் என்ற சொல்லுக்குப் பின்னால் தலைமுறையாக ஒரே நிலவுடைமையாளரிடம் கட்டுண்ட உழைப்பு இருந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கெனத் தனிப் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவரப்பட்டது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமான 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியிலும் நெல் கூலி உயர்வுக் கோரிக்கை இருந்தது. அளவைச் சொற்களைப் பழங்காலப் பெருமையாக மட்டும் பட்டியலிடுவது இதனால் முழுமையாகாது.

பெயரும் எண்ணும்

பழைய நெல் வகைகளின் பெயர்கள் ஒரு குணத்தையோ கதையையோ சொல்லும். சீரகம் போன்ற சிறு மணி சீரகச் சம்பா. யானை புகுந்தாலும் மறைக்கும் உயரம் என்று காட்டுயானத்துக்கு விளக்கம் தருவர். ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1960களின் நடுவில் அங்கிருந்து வந்த ஆடுதுறை 27 குறுவையில் வேகமாகப் பரவியது. பின்னர் வந்தவற்றையும் உழவர்கள் எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்கினர். எண் விளைச்சலைக் கூட்டியது உண்மை. ஆனால் அந்தப் பயிர் உவர் நிலத்தில் நிற்குமா, வெள்ளத்தில் நிற்குமா என்பதை எண் சொல்வதில்லை. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் 'நெல்' ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட மரபு வகைகளைத் தேடிச் சேர்த்தபோது, விதையோடு பெயரும் அது நிற்கும் நிலத்தின் அறிவும் சேர்ந்தே மீண்டன. அவர் 2018இல் காலமானார்.

களத்தில் மாறியவை

மிகுதியான சொற்களை இழந்திருப்பது அறுவடையே. அரிவாளால் ஒரு கைப்பிடி அறுத்து வைப்பது அரி. அரிகளைச் சேர்த்தால் கட்டு. கட்டைக் களத்தில் ஓங்கி அடிப்பது கட்டடித்தல். அதிலும் உதிராத மணிக்காகத் தாளைப் பரப்பி மாடுகளைப் பிணைத்து மிதிக்க விடுவது போரடித்தல். தூற்றிக் குவித்த நெல் பொலி. அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று தொடங்குவர். அறுவடை எந்திரம் இவை அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது. இளைஞர் பலருக்கு இன்று போர் என்றால் வைக்கோல்போர் மட்டுமே.

புதிய சொற்களும் வந்துள்ளன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் கலத்துக்குப் பதில் 40 கிலோ சிப்பம். பதமான காய்ச்சலுக்குப் பதில் 'ஈரப்பதம் 17 விழுக்காடு'. முன்பு நெல்லைப் பல்லில் கடித்து, 'கடுக்' என்ற ஒலியில் காய்ச்சலை அறிந்தனர். இப்போது கருவி காட்டும் எண்ணே முடிவு. தை மாத மழையில் நெல் நனைந்த ஆண்டுகளில் அந்த 17ஐ இன்னும் சில புள்ளிகள் தளர்த்த வேண்டும் என்பதே நான்கு மாவட்டங்களிலும் எழும் முதல் கோரிக்கை.