லாரி ஏற்றும் முன் ஒரு போன்



எங்காவது வெள்ளம், புயல் என்று டிவியில் செய்தி வந்தால் நம் குழுக்கள் சும்மா இருப்பதில்லை. அரிசி, பழைய சேலை, போர்வை என்று வீடு வீடாகச் சேர்த்து வண்டி ஏற்றிவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் அந்த வண்டி போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று நாம் கேட்பதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பாதித்தது நாகப்பட்டினம் மாவட்டம். 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாலா பக்கமிருந்தும் பழைய துணி வந்து இறங்கியது. மீனவப் பெண்கள் பலர் அதைத் தொடவில்லை. தலையில் கூடை சுமந்து, சம்பாதித்து, புதுசு எடுத்து உடுத்தியவர்கள். ஊரார் கழித்துப்போட்டதை எப்படி உடுத்துவார்கள்? துணி ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்து குப்பையானது. அதை அள்ளவும் ஆள் வேண்டும், வண்டி வேண்டும். அதே நேரத்தில் உள்ளாடைக்கும் மாதவிலக்குத் துணிக்கும் பெண்கள் தவித்தார்கள். பட்டியல் போட்ட இடத்தில் பெண்கள் இல்லை, அதுதான் காரணம்.

பிறகு கலெக்டர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்தார்கள். எந்த ஊருக்கு என்ன வேண்டும், யார் கொடுக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் கணக்கு வந்தது.

இந்த வேலைக்கு லாஜிஸ்டிக்ஸ் என்று பெரிய பெயர் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் எத்தனை பேர், எத்தனை வேளை என்று கேட்டுச் சமையல்காரர் சாமான் பட்டியல் போடுவாரே, அதேதான். 100 குடும்பம், 500 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 400 கிராம் அரிசி என்றால் ஒரு நாளைக்கு 200 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் எட்டு.

தண்ணீர்தான் பெரிய கணக்கு. குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளுக்குத் தினம் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது உலக அளவில் நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் அளவு. 500 பேருக்கு 7,500 லிட்டர். இதைப் பாட்டிலில் கொடுத்து மாளுமா? குடிக்க மட்டும் 3 லிட்டர் என்றாலும் தினம் 1,500 பாட்டில், ஒரு வாரத்தில் 10,500 காலிப் பாட்டில். வெள்ளம் வடிய வேண்டிய வாய்க்காலிலேயே போய் அடைத்துக்கொள்ளும். டேங்கர் தண்ணீரும், குளோரின் மாத்திரையும், வீட்டுக்கு ஒரு மூடி போட்ட குடமும் கொடுத்தால் குப்பை சேராது.

நாங்களும் தப்பு செய்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் ஒரு மினி லாரி கொண்டுபோனோம். மெயின் ரோட்டிலேயே ஜனங்க மறித்து இறக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கும் பசிதானே, குறை சொல்ல முடியாது. உள்ளே நாலு கிலோமீட்டரில் இருந்த ஊருக்குப் பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும்தான் மிஞ்சியது. அங்கே ஒருவரிடம் முன்கூட்டியே போன் பேசியிருந்தால் வேறு பாதை சொல்லியிருப்பார்கள்.

இப்போது நாங்கள் முதலில் அந்த ஊர்க் குழு ஊக்குநரிடம்தான் பேசுகிறோம். முடிந்தவரை பணமாகச் சேர்த்து, பாதிப்பில்லாத பக்கத்து டவுனில் வாங்குகிறோம். வண்டி வாடகையும் டீசலும் மிச்சம், அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம். துணி என்றால் புதுசு மட்டும். மூட்டைக்கு மேல் உள்ளே என்ன, எத்தனை என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். இறக்கும்போது இருப்பு நோட்டில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் கையெழுத்து.

அடுத்த கூட்டத்தில் நம் ஊர்க் கணக்கையும் எடுத்துவிடுவோம். கர்ப்பிணி எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை, சுகர் மாத்திரை சாப்பிடும் பெரியவங்க யார் யார், நாப்கின் எத்தனை பேருக்கு வேண்டும் என்று குழுவாரியாக எழுதுங்கள். நமக்கே வெள்ளம் வந்து வெளியூரிலிருந்து யாராவது கேட்டால் இதைப் பார்த்துத்தான் சொல்லணும். அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, ஊரில் மேடான இடத்தில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.