மங்கு துடைத்த கை

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு மரம் வெட்ட நிரைக்குப் போன நாள்களில் என் வேலை, பால் வடியும் மங்கைத் துடைப்பது. முந்தின நாள் பால் மங்கின் உள்ளே தோலாய் உறைந்திருக்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பிவிட்டால் தொப்பி மாதிரி முழுசாய்க் கழன்று வரும். அந்தப் புளித்த வாடை விரலைவிட்டுப் போக மதியம் ஆகும். ஒரு மங்கை விட்டுவிட்டாலும் திட்டு விழும். பழைய பாலில் பெருகிய நுண்ணுயிர்கள் புதுப்பாலையும் ஸ்டோருக்குப் போகுமுன்பே திரித்துவிடும் அல்லவா? பால் கெடாமல் இருக்க அமோனியா விடுவதும் உண்டு. ஆனால் அமோனியா இருக்கிறதே என்று யாரும் மங்கைத் துடைக்காமல் விட்டதில்லை.

முதலில் அழுக்கு, அப்புறம் மருந்து என்ற அந்த வரிசை இன்று நம் வீடுகளில் தலைகீழாகிவிட்டது. எண்ணெய் படிந்த மேசைமேல் குளோரோக்ஸ் பிளீச்சைத் தெளித்துவிட்டு நிம்மதியாகிறோம். எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் அந்தக் குளோரினை முதலில் தின்றுவிடுகின்றன. கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

‘சுத்தம் பண்ணு’ என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுவது ஒன்று. கிருமி எல்லாம் சாகாது, ஆனால் பெரும்பகுதி அழுக்கோடு அடித்துப் போய்விடும். அடுத்தது சானிடைஸ் செய்வது. கழுவின தட்டு, கத்தி, வெட்டுப்பலகையில் மிச்சமிருக்கும் பாக்டீரியாவை ஆபத்தில்லாத அளவுக்குக் குறைப்பது அது. வெந்நீரோ மிக நீர்த்த குளோரினோ போதும். மூன்றாவது கிருமிநீக்கம். வைரஸையும் சேர்த்துக் கொல்லும் கடுமையான மருந்து அதற்கு வேண்டும். நோயாளி வாந்தியெடுத்த இடம், கழிவறை, கதவுக் கைப்பிடி இவற்றுக்கு அது. ஊற்றியதும் துடைத்துவிடக் கூடாது. புட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குவரை ஈரமாகவே இருக்க வேண்டும். ஈப்போ ஒட்டுக்கடைகளில் ஒரே ஈரத்துணி மேசைக்கு மேசை போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். அந்தத் துணி இந்த மூன்றில் எதையுமே செய்வதில்லை.

எந்தக் கிருமி என்று தெரியாமல் அடித்த மருந்தால் என்ன ஆகும் என்பதை ஈப்போ தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது. 1998 செப்டம்பர் கடைசியில் கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளோடு தொடர்புள்ளவர்கள் காய்ச்சலும் மூளை வீக்கமுமாய் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலான்வரை போயிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டெடுத்தது புதிய வைரஸ்: நிப்பா. அது கொசுவால் வந்ததல்ல, நோய்ப்பட்ட பன்றியின் சளியும் சிறுநீரும் மனிதர்மேல் பட்டு வந்தது. நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டது. 105 உயிர்கள் போயின. நிப்பாவுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சாதாரண சோப்பு அதைக் கரைத்துவிடும், கொசுப்புகையால் அதற்கு ஒன்றும் ஆகாது.

எல்லா வைரஸுக்கும் அந்த உறை இருப்பதில்லை. பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய் நோயின் வைரஸ் உறையில்லாதது. ஆல்கஹால் ஜெல்லுக்கு எளிதில் மசியாது. தோட்டத்து ஆயாக்கொட்டகை போய், தஸ்கா என்னும் குழந்தைக் காப்பகங்களும் தாடிகா என்னும் பாலர்பள்ளிகளும் வந்துவிட்டன. அங்கே வாசலில் ஜெல் புட்டி வைத்தால் போதுமென்று நினைக்கும் ஆசிரியைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். பொம்மைகளைக் கழுவி, அதன் பிறகு குளோரின் நீரில் நனைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். 5 சதவீதப் பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் விட்டால் 0.1 சதவீதக் கரைசல் வரும். அன்றன்றைக்குக் கலக்கியதுதான் உதவும்.

2020இல் கோவிட் வந்தபோதும் அழுக்கின்மேல் மருந்து என்ற அதே தலைகீழ் வரிசைதான்: நாடெங்கும் தெருக்களில் மருந்து பீய்ச்சினார்கள். சாலையின் மண்ணும் தூசியுமே மருந்தைச் செயலற்றதாக்கிவிடும் என்று அந்த மே மாதமே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

மருந்தை எங்கே வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இன்னும் சில ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள் வீட்டில் அமோனியாப் புட்டியும், பால் உறையப் போடும் பார்மிக் ஆசிட்டும் குளியலறைப் பக்கமே நிற்கும். பிளீச்சோடு அமோனியா சேர்ந்தால் குளோரமைன் புகை கிளம்பும். ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். இரண்டும் நுரையீரலைப் பொசுக்குபவை. பிளீச்சை அவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். பால் வாளியில் பிளீச் கலக்கவே கலக்காதீர்கள்.