கெமோமில் தேநீர்: தங்கவயலில் அதன் எல்லை எதுவரை?

மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக ஒரு சிறு பூவின் படம் போட்ட தேநீர்ப் பெட்டிகள் இப்போது சிறு நகரத்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன. தூக்கம் வரும், பதற்றம் தணியும், வயிறு சீராகும், சர்க்கரை குறையும், நெஞ்சுச்சளி கரையும் என்று அந்தப் பூவின் பேரில் சொல்லப்படாத நன்மை இல்லை. அதுதான் கெமோமில். சீமைச் சாமந்தி என்றும் சொல்வார்கள். யுனானி மருத்துவத்தில் அது பாபூனா. இந்த நன்மைகளில் உண்மை எது, மிகை எது என்று பிரித்துப் பார்ப்பது எல்லா ஊருக்கும் நல்லது. கோலார் தங்கவயலுக்கு அது அவசியம். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம் என்று சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த இந்த ஊரில் இருமலுக்கும் தூக்கக் குறைவுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மூலிகையையும் இங்கே பரிந்துரைக்கக் கூடாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்ன உபாதைகளுக்குக் கெமோமில் ஒரு நல்ல துணை. ஆனால், தங்கவயலின் பெரிய நோய்களுக்கு அது மருந்தல்ல. இந்த எல்லைக்கோடு தெரிந்தவருக்கே அந்தப் பூவால் பயன்.

பூவுக்குள் இருப்பது என்ன?

கெமோமில் என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்பனையாகின்றன. ஒன்று ஜெர்மன் வகை. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, முடிந்துவிடும். மற்றது ரோமன் வகை; பல ஆண்டுகள் நிற்கும். தேநீருக்கும் ஆய்வுகளுக்கும் பெரும்பாலும் பயன்படுவது ஜெர்மன் வகைதான். அதன் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்பைப் பிளந்தால் உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதைக் கொண்டு அடையாளம் காணலாம். இந்தப் பூவில் பிசபோலால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. மாட்ரிசின் என்ற இன்னொரு பொருள், ஆவியில் வடிக்கும்போது கமாசுலீனாக மாறுகிறது. கெமோமில் எண்ணெயின் ஆழ்ந்த நீல நிறத்துக்கு அதுதான் காரணம். இவ்விரண்டும் அழற்சியைத் தணிக்கும் குணம் உள்ளவை. இவற்றோடு அபிஜெனின் என்ற ஃபிளேவனாய்டும் உண்டு. தூக்க மாத்திரைகள் மூளையில் எந்த இடத்தில் சென்று பொருந்துகின்றனவோ, அதே இடத்தில் அபிஜெனினும் பொருந்துகிறது என்று 1995-இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே இந்தப் பூவுக்கு மருந்துக் குணம் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. அந்தக் குணம் ஒரு கோப்பைத் தேநீரில் எவ்வளவு இறங்குகிறது, இறங்கிய அளவு உடலில் எவ்வளவு வேலை செய்கிறது என்பவைதான் கேள்விகள்.

பதற்றத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து 8 வாரம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, கெமோமில் சாறு அடங்கிய மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பதற்றம் ஓரளவு குறைந்தது. அதே பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள். நோய் திரும்ப வருவதை அது உறுதியாகத் தடுத்தது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு அறிகுறிகள் குறைவாக இருந்தன. தூக்க விஷயத்தில் சான்று இதைவிட மெலிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 34 பேரிடம் நடந்த ஆய்வில் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. தைவானில் பிரசவித்த 80 தாய்மார்களுக்கு இரண்டு வாரம் கெமோமில் தேநீர் கொடுத்தபோது தூக்கத் தொல்லையும் மனச்சோர்வும் குறைந்தன. நான்காவது வாரத்தில் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மொத்தத்தில் நன்மை இருக்கிறது. ஆனால் அது மிதமானது, குறுகிய காலத்துக்கானது. பெரும்பாலான ஆய்வுகளில் கொடுத்தது அளவு நிர்ணயித்த சாறு மாத்திரை. நாம் குடிப்பதோ தேநீர் என்பதையும் மறக்கக் கூடாது.

சிறிய ஆய்வுகள்தானே, இவற்றை நம்பி எதற்காக இந்தத் தேநீரைக் குடிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில்: ஒரு பொருள் எதைச் சாதிப்பதாகச் சொல்கிறதோ, அதற்கேற்ற சான்றைத்தான் அதனிடம் கேட்க வேண்டும். இரவு உணவுக்குப் பிறகு ஒரு கோப்பை இளஞ்சூடான பானம், மனதைக் கொஞ்சம் அமைதிப்படுத்தும் என்று சொன்னால் அதற்குச் சிறிய சான்றே போதும். செலவும் ஆபத்தும் குறைவு. நம் வீடுகளில் மாலையிலும் இரவிலும் குடிக்கும் காபி, டீயில் காஃபின் இருக்கிறது; கெமோமிலில் அது கிடையாது. இரவு டீயை விட்டுவிட்டு இதைக் குடிப்பவருக்குத் தூக்கம் மேம்பட்டால், அந்தப் பெருமையில் பாதி, விட்டுவிட்ட டீயைச் சேரும். அதனாலும் நஷ்டமில்லை. ஆனால் இதே பூ சர்க்கரை நோயைத் தீர்க்கும், நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மலையளவு சான்று வேண்டும். அப்படிப்பட்ட சான்று இல்லை.

தூசிக்கு மருந்தில்லை

இங்கேதான் தங்கவயலின் கதை வருகிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் பதித்தது முதல், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் பாறையை உடைத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்தப் பாறைத் தூசியில் இருந்த சிலிக்கா, தொழிலாளிகளின் நுரையீரலில் படிந்தது. 1940-களில் இங்கே 7,653 தொழிலாளிகளைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு சிலிகோசிஸ் நோய் இருந்தது தெரியவந்தது. இந்தியாவில் அந்த நோய் முதலில் பதிவானது இந்த ஊரில்தான். சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் தழும்பு விழுந்துவிடுகிறது. அந்தத் தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அது உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் மிக அதிகம். சுரங்கம் மூடியும் தூசி ஓயவில்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சுமார் 3.3 கோடி டன் கழிவு, 13 சயனைட் மேடுகளாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு போன்ற மண் எழும்பி வீடுகளுக்குள் வருகிறது.

அப்படிப்பட்ட ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு ஒருவர் கெமோமில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பூ அவருக்குக் கேடு செய்கிறது என்றே சொல்வேன். பூவில் விஷம் இருப்பதாகச் சொல்லவில்லை. அது அவருடைய நாட்களைத் தின்கிறது. ஜலதோஷத்தில் மூக்கடைத்தால் ஆவி பிடிப்பது சுகம் தரும். அந்தச் சுகத்தில் பெரும்பங்கு வெந்நீருடையது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் ரத்தம், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் தள்ள முடியாது. ஆஸ்பத்திரி கைக்கெட்டாத ஏழைக்கு மூலிகையையும் மறுத்தால் அவர் எங்கே போவார்? உண்மைதான். சுரங்கத்தோடு சேர்ந்து சுரங்க மருத்துவமனையின் காலமும் முடிந்தது. 2021-இல் கொரோனா பரவியபோது, ஏறக்குறைய இருபதாண்டு பூட்டிக்கிடந்த அந்தக் கட்டடத்தைத் தன்னார்வலர்கள் சுத்தம் செய்து படுக்கைகள் போட வேண்டியிருந்தது. இந்த ஊரின் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தத் தேவைக்கு மூலிகைத் தேநீர் விடையாகாது. ஏழையின் இருமலுக்குப் பூவைக் காட்டிவிட்டு ஒதுங்குவது, அவருக்குச் சேரவேண்டிய மருத்துவத்தைக் கேட்காமல் விடுவதற்குச் சமம். தூக்கமும் அப்படித்தான். வேலை தேடித் தினமும் பொழுது விடியுமுன் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் தங்கவயல்காரருக்குக் குறைவது தூங்கும் நேரம். படுத்ததும் தூக்கம் வராதவருக்குத்தான் கெமோமில் கொஞ்சம் உதவும். படுக்கவே நேரமில்லாதவருக்கு எந்தப் பூவும் உதவாது.

வீட்டில் பயன்படுத்தும் முறை

எல்லை தெரிந்தபின் பயனைப் பார்ப்போம். குவித்து எடுத்த ஒரு மேஜைக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் உலர்ந்த பூவைப் பாத்திரத்தில் போட்டு, கொதித்த நீர் 150 மில்லி ஊற்றி, உடனே மூடிவிட வேண்டும். 5 முதல் 10 நிமிடம் கழித்து வடிகட்டலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவதும் திறந்து வைப்பதும் தவறு. மருந்துக் குணமுள்ள எண்ணெய் ஆவியோடு போய்விடும். சாப்பாட்டுக்குப் பின் வயிறு உப்பினால், லேசாகப் பிடித்திழுத்தால் இதைக் குடிக்கலாம். வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் ஆறவைத்துக் கொப்பளிக்கலாம். தோலில் சிறு எரிச்சலோ சிவப்போ இருந்தால், சுத்தமான துணியை இதில் நனைத்து ஒத்தடம் தரலாம். ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையில் ஏற்றுக்கொண்டிருப்பதும் ஏறத்தாழ இந்த அளவுக்குத்தான்.

இதற்கெல்லாம் நம்மிடம் சுக்கும் ஓமமும் சோம்பும் துளசியும் இருக்கும்போது சீமைப் பூ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்று உப்புசத்துக்கு ஓமத்தண்ணீரோடு ஒப்பிட்டுக் கெமோமில் உயர்ந்தது என்று காட்டிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே ஓமம் போதுமானவர் விலை கொடுத்து இதை வாங்க வேண்டியதில்லை. அதே சமயம் அந்நியம் என்று ஒதுக்கவும் வேண்டாம். உத்தரப்பிரதேசத்தில் இது பயிராகிறது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் இதில் வல்லாரி முதலான ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த பூவாக வாங்கினால் பெட்டித் தேநீரைவிடச் செலவு குறையும்.

இயற்கைப் பொருள் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கெமோமிலும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்துச் செடிகள். கர்நாடகத்தில் வெற்றிடம் கண்ட இடமெல்லாம் பரவி, தோல் அரிப்பும் மூச்சிழுப்பும் தருகிற களை பார்த்தீனியம். அதை ஒழிக்க 1984-இல் பெங்களூரில் மெக்சிகோ வண்டுகளை விட்ட அளவுக்கு அதன் தொல்லை பெரிது. பார்த்தீனியமோ சாமந்தியோ பட்டு அரிப்பு, தும்மல், இழுப்பு வருபவர்கள் கெமோமிலைத் தொடாமலிருப்பதே நல்லது. கண்ணில் விட்டுக் கழுவவும் கூடாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இமை வீங்கியது பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், தூக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கனடாவில் வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 70 வயதுப் பெண்ணுக்குக் கெமோமில் சேர்ந்ததால் உள்ளுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டதாக 2006-இல் மருத்துவ இதழில் பதிவானது. கைக்குழந்தையின் வயிற்றுவலிக்கு கெமோமில் கலந்த தேநீர் உதவியதாக இஸ்ரேலில் 1993-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அது பல மூலிகைகளின் கலவை. கடையில் வாங்கும் பூவில் கைக்குழந்தையைத் தாக்கும் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்று அர்ஜென்டினா ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வீட்டில் இதைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, இந்தச் செடியைத் தங்கவயலில் வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலப் பயிரான இது, அக்டோபர்–நவம்பரில் விதைத்தால் தை, மாசி வாக்கில் பூக்கும். உவர் மண்ணையும் தாங்கும். அந்தத் தாங்கும் குணமே இங்கே ஒரு பொறியாகிவிடக்கூடும். கெமோமில் மண்ணிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துவைக்கும் செடி. மூலிகைகளில் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. செடி செழித்து நிற்பதால் அதன் பூ குடிக்கத் தகுந்தது என்று ஆகிவிடாது. சயனைட் மேட்டை ஒட்டிய மண்ணில் எந்த மருந்துச் செடியையும் வளர்த்து உட்கொள்ளாதீர்கள். வளர்த்தே ஆகவேண்டுமென்றால், வெளியூர் மண்ணையும் மட்கிய எருவையும் நிரப்பிய தொட்டியில், தூசி படாத இடத்தில் வளருங்கள்.

செரிக்காத வயிற்றுக்கும், சிறு வாய்ப்புண்ணுக்கும், அமைதி தேடும் இரவுக்கும் கெமோமிலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். வீட்டில் சுரங்கத்தில் உழைத்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த மாதமே அவரை அழைத்துப்போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தேநீரை வந்த பிறகு போட்டுக் கொடுக்கலாம்.