சிறிய சொற்களும் பெரிய பொறுப்பும்

கிராமச் சங்கங்களின் செயலாளர்கள், தொழில் தேடும் இளைஞர் யுவதிகள், சிறு முயற்சியாளர்கள் எனப் பலரும் இன்று ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்ட வேண்டியுள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. தமிழில் எழுதும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆயினும் கடன் ஒப்பந்தங்களும் உதவி நிறுவனங்களின் படிவங்களும் பல வேளைகளில் ஆங்கிலத்திலேயே எம் கைக்கு வந்து சேர்கின்றன.

அவற்றிலுள்ள நீண்ட சொற்களுக்கு அகராதி பொருள் சொல்லிவிடும். தடுக்கி விழுத்துபவை சிறிய சொற்களே. இன், ஒன், அற், பை, ரு போன்ற முன்னிடைச் சொற்களும், வினையின் இறுதியில் வரும் 'இங்' என்ற ஒட்டும் ஒரு வசனத்தின் பொருளையே தலைகீழாக்க வல்லவை. இவற்றை விளங்கிக்கொள்ள எமது தமிழ் இலக்கணமே நல்ல துணையாகும்.

ஓர் 'இல்', மூன்று சொற்கள்

நன்னூல் கூறும் வேற்றுமைகள் எட்டு என்பதைப் பாடசாலையில் படித்தோம். தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். இடம் மாறுவது பெரிய சிரமமல்ல. எண்ணிக்கை பொருந்தாததே சிரமம்.

அறையில், மேசையில், சந்தியில் என்று மூன்று இடத்திலும் நாம் 'இல்' என்ற ஒன்றையே சொல்கிறோம். ஆங்கிலமோ மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்றினுள் அடங்கினால் 'இன்', மேற்பரப்பில் இருந்தால் 'ஒன்', ஒரு புள்ளியாகக் கருதினால் 'அற்'. காலத்துக்கும் இப்படியே: ஆண்டுக்கும் மாதத்துக்கும் 'இன்', திகதிக்கும் கிழமைக்கும் 'ஒன்', மணிக்கு 'அற்'. விதிக்கு அடங்காதவையும் உண்டு. காருக்குள் இருப்பவர் 'இன் த கார்'. பஸ்ஸுக்குள் இருப்பவரோ 'ஒன் த பஸ்'. இத்தகையவற்றை மனனம் செய்வதே வழி.

தமிழ் உருபை அப்படியே பெயர்ப்பதாலும் பிழை வரும். கடனைப் பற்றிக் கலந்துரையாடினோம் என்பதை 'டிஸ்கஸ்ட் எபவுட் த லோன்' என எழுதுகிறோம். டிஸ்கஸ் என்ற வினைக்குள் 'பற்றி' ஏற்கனவே அடங்கியுள்ளது; 'டிஸ்கஸ்ட் த லோன்' என்றாலே போதும்.

பணத்தைத் தீர்மானிக்கும் சொற்கள்

மேலே சொன்ன பிழைகளால் நட்டம் வராது. வேறு சில பிழைகள் நட்டம் தரும். மாதத் தவணை 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 'ரிடியூஸ்ட் பை 1,000' என்று கடிதம் வந்தால் ஆயிரத்தால் குறைந்தது. இனிக் கட்ட வேண்டியது 4,000 ரூபா. 'ரிடியூஸ்ட் ரு 1,000' என்று வந்தால் ஆயிரமாகக் குறைந்தது. கட்ட வேண்டியது 1,000 ரூபாவே. தமிழில் 'ஆல்' என்பதற்கும் 'ஆக' என்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

தவணைத் திகதியிலும் கவனம் வேண்டும். 'பை 30 யூன்' என்றால் அந்தத் திகதிக்குள், பிந்தினால் அன்றே, செய்து முடிக்க வேண்டும். 'அன்ரில் 30 யூன்' என்றால் அந்தத் திகதி வரை தொடர்ந்து செய்வது. கடன் முழுவதையும் 30ஆம் திகதிக்குள் கட்டுவோம் என எண்ணி 'அன்ரில்' போட்டு எழுதினால், அன்று வரை கட்டுவோம், பிறகு நிறுத்திவிடுவோம் என்றே வாசிப்பவர் விளங்கிக்கொள்வார்.

வினை பெயராகும்போது

அடுத்தது 'இங்'. விற்பதன் மூலம், கட்டாமல், கற்பதில் என்று நாம் சொல்வதைக் கவனியுங்கள். 'விற்பதன்', 'கற்பதில்' என்பவற்றில் உருபு ஏற்பதற்காக வினை தொழிற்பெயராகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் முன்னிடைச் சொல்லுக்குப் பின் பெயரே வர வேண்டும். வினை வந்தால் அது 'இங்' பெற்றுப் பெயராக வேண்டும். ஆகவே 'பை செல்லிங்', 'விதவுட் பேயிங்', 'இன் லேர்னிங்' என்பனவே சரி. தமிழில் பெயராகாத 'கட்டாமல்' கூட அங்கே பெயராகிறது.

இந்த விதியில் மாணவர் தடுமாறும் இடம் 'ரு'. ஏனெனில் 'ரு' இரண்டு உண்டு. 'வோன்ட் ரு கோ' என்பதில் வருவது வினையோடு சேர்ந்த 'ரு'. 'லுக் போர்வேட் ரு' என்பதில் வருவது முன்னிடைச் சொல். பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு: 'ரு'வுக்குப் பின் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் போர்வேட் ரு யுவர் றிப்ளை' என்பது பொருந்துகிறது. எனவே கடித முடிவில் 'லுக் போர்வேட் ரு ஹியரிங் ப்ரொம் யூ' என்றே எழுத வேண்டும். 'ஹியர்' என்பது பிழை. 'ஒப்ஜெக்ட் ரு' என்பதும் இவ்வகையே.

வேலை விண்ணப்பத்தில் 'ஐ யூஸ்ட் ரு வேர்க் அற் நைற்' என்றால் முன்பு இரவில் வேலை செய்து வந்தேன், இப்போது இல்லை என்பது கருத்து. 'ஐ ஆம் யூஸ்ட் ரு வேர்க்கிங் அற் நைற்' என்றால் இரவு வேலை எனக்குப் பழக்கமானது என்பது கருத்து. இரவுக் கடமைக்கு ஆள் தேடுபவர் எதிர்பார்ப்பது இரண்டாவதையே.

நிறுத்தியதா, நின்றதா?

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியதை அடுத்து, மேற்குக் கரையின் சில பகுதிகளில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அப்படியொரு காலத்து இழப்பை ஒரு மீனவர் சங்கம் எழுதுவதாகக் கொள்வோம். 'வி ஸ்ரொப்ட் பிஷிங்' என்றால் மீன்பிடிப்பதை நிறுத்தினோம் என்பது பொருள். 'வி ஸ்ரொப்ட் ரு பிஷ்' என்றால் மீன்பிடிப்பதற்காக நின்றோம் என்றாகிவிடும். நட்டஈடு கேட்பவர் தம் கோரிக்கையைத் தாமே மறுத்ததாக முடியும்.

'ரிமெம்பர் சைனிங்' என்பது கையொப்பமிட்டது நினைவிருக்கிறது என்பதாகும். 'ரிமெம்பர் ரு சைன்' என்பது மறவாமல் கையொப்பமிடுவதாகும். இவ்விரு வினைகளிலும் 'இங்' நடந்ததைக் காட்டுகிறது. 'ரு' இனி நடக்க வேண்டியதைக் காட்டுகிறது. எல்லா வினைகளும் இப்படி இரண்டையும் ஏற்பதில்லை. என்ஜோய், அவொய்ட், பினிஷ் என்பன 'இங்' மட்டும் ஏற்பவை. வோன்ட், ஹோப், டிசைட் என்பன 'ரு' மட்டும் ஏற்பவை.

செய்யக்கூடியவை

முன்னிடைச் சொல்லைத் தனியே படிப்பதில் பயனில்லை. வினையையும் அதனோடு வருவதையும் சேர்த்து ஒரு கொப்பியில் முழு வசனமாக எழுதி வையுங்கள். நாளுக்கு இரண்டு போதும். சங்கத்துக்கு ஆங்கிலக் கடிதம் வந்தால் பை, ரு, அன்ரில், இங் ஆகியவற்றின் கீழ்க் கோடிட்டு, ஒருவர் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்ல மற்றவர்கள் கேளுங்கள். இருவர் இருவிதமாக விளங்கிக்கொண்டால் அந்த இடத்தில் நின்று ஆராயுங்கள். ஐயம் தீராவிட்டால், தமிழ்ப் பிரதி ஒன்றைக் கேட்டுப் பெறும் வரை எவரும் அதில் கையொப்பமிட வேண்டாம்.