சாப்பிட்டதும் சுவரில் முட்டும் குட்டி

சித்தூர்ப் பக்கம் ஒரு நாய்க்குட்டி எச்சில் ஒழுகத் தள்ளாடி, சுவரில் தலையை அழுத்தி நின்றால் ஊர் சொல்லும் முதல் பேச்சு ‘வெறி’. அடுத்தது டிஸ்டெம்பர். அந்தப் பயம் நியாயமானதுதான். தனியே கட்டிவைத்து மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ஆனால் சில மணி நேரத்தில் தெளிந்து வாலாட்டிய குட்டி, அடுத்த முறை கறிச்சோறு தின்றதும் மறுபடி அதே கோலத்தில் நின்றால்? வெறிநோய் இப்படி வந்து வந்து போகாது. அப்போது லிவர் ஷன்டை, அதாவது ரத்தம் கல்லீரலைத் தாண்டிப் போகும் குறுக்குவழியைச் சந்தேகிக்க வேண்டும்.

குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகவேண்டும். வயிற்றிலிருக்கும் குட்டிக்குத் தாயே அந்த வேலையைப் பார்ப்பதால், கல்லீரலைத் தாண்டிச் செல்ல ஒரு குறுக்குவழி உண்டு. பிறந்த சில நாளில் மூடிக்கொள்ளும். லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் சிலவற்றுக்கு அது மூடுவதில்லை. மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், பக் போன்ற சிறிய இனங்களில் கல்லீரலுக்கு வெளியே வேண்டாத குழாய் ஒன்று பிறவியிலேயே இருக்கும். இரண்டிலும் குடலில் உண்டாகும் அமோனியா, கல்லீரலில் சுத்தமாகாமல் நேரே மூளைக்கு ஏறும்.

1877இல் ரஷ்யாவில் நிகோலாய் எக் இதே குறுக்குவழியை நாய்களுக்கு அறுவையால் உண்டாக்கினார். 1893இல் பாவ்லோவும் கூட்டாளிகளும் (ஆமாம், மணியடித்து எச்சில் பார்த்த அதே பாவ்லோவ்) அத்தகைய நாய்கள் இறைச்சி தின்றதும் தடுமாறுவதைப் பதிவு செய்தார்கள்.

கல்லீரல் நோய் என்றதும் மஞ்சள் காமாலையைத் தேடுவோம். இதில் பெரும்பாலும் கண் மஞ்சளிக்காது. கூடப் பிறந்தவை வளர இது மட்டும் சவலையாக நிற்கும். சின்ன வயதிலேயே சிறுநீரில் கல் வரும். மயக்க மருந்து கொடுத்தால் எழ நெடுநேரமாகும்.

ரத்தத்தில் அமோனியா பார்க்கலாம். ஆனால் மாதிரியை ஐஸில் வைத்து உடனே சோதிக்க வேண்டும். சித்தூரில் எடுத்து, சுமார் 70 கிலோமீட்டர் தள்ளித் திருப்பதிக்கு அனுப்பினால் அளவு தப்பாகிவிடும். பித்த அமிலம் அப்படிக் கெடாது. வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்தால் போதும். அளவு கூடியிருந்தால் ஸ்கேனில் குழாயைத் தேடலாம், சி.டி. எடுத்தால் தெளிவாகத் தெரியும். 1955இல் தொடங்கிய திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியும், அந்தப் பக்கம் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இந்த வட்டாரத்தார் விசாரிக்கத் தக்க இடங்கள்.

மலச்சிக்கலுக்கு மனிதர் குடிக்கும் லாக்டுலோஸ் சிரப்தான் முதல் மருந்து. குடலில் அமோனியாவைக் கட்டிப்போட்டு வெளியேற்றும். கூடவே ஆன்டிபயாடிக், வலிப்பு வந்தால் அதற்கும் மருந்து. கறியைக் குறைத்துத் தயிர், பனீர், சோயா கொடுக்கலாம். தயிர்ச்சோறு போட்டு நாய் வளர்ப்பவரைக் கேலி செய்தவர்கள் கவனிக்க! அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்தினால் வளரும் குட்டி இளைத்துப்போகும். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

கல்லீரலுக்கு வெளியே ஒற்றைக் குழாய் என்றால் அறுவையில் நல்ல பலன் உண்டு. ஒரேயடியாகக் கட்டினால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் உள்ளே பால்புரதமான கேசீன் வைத்த உலோக வளையத்தைக் குழாயில் மாட்டுவார்கள். அது உடல்நீரில் ஊறி உப்பி, சில வாரங்களில் குழாயை மெல்ல அடைக்கும். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் வலிப்பு வரக்கூடும், கண்காணிப்பு அவசியம். வயதான நாயின் கல்லீரல் சுருங்கி, பல குழாய்கள் தாமாகக் கிளைத்திருந்தால் கத்தி வேண்டாம், மருந்துதான்.

இன்னொரு வேலையும் உண்டு. சில இனங்களில் இந்தக் கோளாறு பரம்பரையாக வருகிறது. குட்டி விற்றவருக்குத் தகவல் சொல்லி, அதே தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்க்க வேண்டாம் என்று கேளுங்கள்.